யார் மீட்ட ஆநிரை, யார் நட்ட கல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில், ஏழாம் நூற்றாண்டில் நட்டது. ஆயுதம் ஏந்திய ஓர் ஆள், பக்கத்தில் ஒரு நாய். கருந்தேவக்கத்தி என்னும் அந்த ஆள் இறந்துபட்டான் என்றும், கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது என்றும் கல்லெழுத்து சொல்கிறது. மாமல்லபுரத்துப் பல்லவர் பெருமையெல்லாம் அந்தக் கல்லுக்குத் தெரியாது. மகேந்திரவர்மனுக்கு அதில் கிடைத்திருப்பது ஆட்சியாண்டைக் குறிக்க ஒரு வரி. நாய்க்குப் பெயரும் உருவமும் கிடைத்திருக்கின்றன.

புகழைப் பதிந்துவைக்க நம்மிடம் இரண்டு வழக்கங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று மெய்க்கீர்த்தி. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் அந்த வாசகங்களில், மன்னன் எந்தெந்த நாட்டைக் கொண்டான், எந்தக் கடலைக் கடந்தான் என்ற வெற்றிகள் வரிசையாக இருக்கும். எழுதச் சொன்னவன் மன்னன், எழுதியவன் அவனை அண்டிப் பிழைத்தவன். மற்றது நடுகல். அதை நட்டவர்கள் பெரும்பாலும் ஊரார், உறவினர், உடன் நின்றவர்கள். கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. அவற்றில் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு நட்டது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்குக்கூடக் கல் உண்டு.

ஆநிரைக்காக நட்ட கற்களைப் படித்தால் ஒன்று புரியும். ஊரின் மாட்டை யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவன் பின்னாலேயே போகிறான். விழுகிறான். மாடு திரும்பி வந்ததா என்பதைப் பல கற்கள் சொல்வதே இல்லை. வெற்றி அங்கே கணக்கில்லை. ஊருக்குரியது பறிபோனபோது போய் நின்றான், அதற்கு விலையாகத் தன் உயிரைக் கொடுத்தான் என்ற அளவிலேயே கல் நடப்பட்டது. வரலாற்று மனிதர் ஒருவரை எதனால் வீரர் என்கிறோம் என்று கேட்டால், இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறில்லை. அவர் எவ்வளவு பெரியவர் என்பதை விட்டுவிட்டு, யாருக்குரியதை மீட்கப் போனார், அதற்காக எதை இழந்தார் என்று கேட்கச் சொல்கிறது அது.

நான் குடியிருப்பது மாத்தூரில். மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் மாதவரம் பால்பண்ணைக்கும் நடுவே, எம்.எம்.டி.ஏ. மனைகளாகப் பிரிந்து வளர்ந்த ஊர். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டபொம்மனாக, ஜான்சி ராணியாக, நேதாஜியாக வேஷம் கட்டி வருவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வடசென்னையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தன் பேருந்துத் தடத்தில் இருக்கும் ஓர் இடத்தில் இந்திய வரலாறே திரும்பியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுகிறது. சினிமா அதற்குச் சொல்லித் தருவது வேறு. காசிமேடு என்றால் கத்தி, புளியந்தோப்பு என்றால் ரவுடி. வீரம் என்பது வேறெங்கோ, வேறு யாருக்கோ உரியது, நம் பக்கம் இருப்பது அடாவடி மட்டும்தான் என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மாத்தூரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பெரம்பூர். அங்கேதான் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகள் இருந்தன. பின்னி கம்பெனியின் பஞ்சாலைகள். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்து உலகமெல்லாம் பேர் வாங்கியவை. அந்தப் பேருக்குப் பின்னால் விடியுமுன் ஊதும் சங்கும், கைநீட்டும் மேஸ்திரியும், நண்பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேர இடைவேளையும் இருந்தன. ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் எழுந்து, கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, சாப்பிட்டு முடித்துத் தறிக்குத் திரும்ப அரை மணி. நேரம் தவறினால் கூலி பிடித்தம். ஆநிரை என்று நான் சொல்வது இந்த நேரத்தைத்தான். உழைப்பவனிடம் ஓட்டிச் செல்ல மாடு இல்லை. அவனிடமிருந்து பறிபோனது நாளும் பொழுதும்தான்.

இதைத் தட்டிக்கேட்க முதலில் வழி தேடியவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும். இருவரும் பெரம்பூர்ப் பக்கம் சிறு வணிகம் செய்தவர்கள். ஆலைத் தொழிலாளர்களே அவர்களுடைய வாடிக்கை. பக்திப் பிரசங்கங்களுக்காக அவர்கள் நடத்திவந்த சபைக்கு வேலை முடிந்த தொழிலாளர்கள் வருவார்கள். கதை கேட்க வந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். வணிகர் இருவருக்கும் காதைப் பொத்திக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. கம்பெனியைப் பகைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் கடை நடத்த முடியாது. அவர்களோ அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' அலுவலகப் படியேறி, பி.பி. வாடியா என்ற பார்சி இளைஞரைக் கையோடு பெரம்பூருக்கு அழைத்து வந்தார்கள். திரு.வி.க.வும் வந்தார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட சங்கம் அது.

வாடியாவை உலகம் அறியும். திரு.வி.க.வுக்குத் தமிழ் இருக்கும்வரை பெயர் இருக்கும். செல்வபதி செட்டியாரையும் இராமாநுஜுலு நாயுடுவையும் சங்கத்துக்காரர்களைத் தவிர எத்தனை பேர் சொல்வோம்? பேச்சுத் திறமையோ பேனா வலிமையோ அவர்களுக்குப் பெரிதாக வாய்த்திருக்கவில்லை. ஆனால் முதலில் காது கொடுத்தவர்கள் அவர்கள். பெரிய ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னால், யாருமே பார்க்காதபோது, ஒருவர் எடுக்கும் முடிவில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பிறகு வருபவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது, மாலை இருக்கிறது. முதல் ஆளுக்கு எதுவும் கிடையாது.

1920 டிசம்பரில் ஆலை கதவடைப்பில் இருந்தது. கருங்காலிகளை ஏற்றிவந்த வண்டியைத் தொழிலாளர்கள் மறித்தார்கள். போலீஸ் சுட்டது. பாபுராவ், முருகன் என்ற இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். கம்பெனி அதோடு நிற்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது இழப்பீட்டு வழக்குப் போட்டுத் தடையாணையும் வாங்கியது. சங்கம் வைப்பதே சதி என்று அன்றைய சட்டத்தைக் கொண்டு சொல்ல முடிந்தது. வாடியா சங்கத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிட வேண்டும் என்பது சமரசத்தின் நிபந்தனை. அவர் விலகினார். வேலையிழந்தவர்கள் ஆலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் விலகினார். இந்த வழக்கின் அதிர்ச்சியிலிருந்துதான், என்.எம். ஜோஷி போன்றவர்களின் முயற்சியால், 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று நாட்டின் எந்த மூலையிலும் தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் பதியலாம் என்றால் அந்த உரிமை பெரம்பூர்த் தெருவில் சிந்திய இரத்தத்தின் வழியாக வந்தது. வழக்கில் தோற்றவர்கள்தான் அதைப் பெற்றுத் தந்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் 1921 இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூனில் மறுபடி வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தது. தொடங்கிச் சில நாள்களிலேயே ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கத்தின் பார்வையில் அது காட்டிக்கொடுத்தல். புளியந்தோப்புச் சேரியின் பார்வையில் நிலைமை வேறு. ஒரு வாரக் கூலி நின்றாலே அடுப்பு அணையும் வீடுகள் அவை. மற்றச் சாதியாருக்குக் கடன் கொடுக்கும் உறவும் ஊரில் கொஞ்ச நிலமும் இருக்கலாம். சேரிக்கு அது இல்லை. வேலைநிறுத்தம் என்ற முடிவில் தங்கள் குரல் இருந்ததா என்ற கேள்வியும் அவர்களுக்கு இருந்தது. பிறகு நடந்தது எழுதவே கை கூசுகிறது. ஒன்றாக நூல் நூற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தார்கள். சேரிக் குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் போட வேண்டி வந்தது. ஆகஸ்டில் ஆலைக்கு அருகே துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவுகள்.

அப்போது ஆதிதிராவிடர்களின் பக்கம் நின்று பேசியவர் எம்.சி. ராஜா. சென்னைச் சட்டமன்றத்தில் அந்த மக்களின் முதல் குரல். தேசிய இயக்கமும் தொழிலாளர் இயக்கமும் கிலாபத் இயக்கமும் ஓரணியில் இருக்கும்போது, எதிர்த் திசையில் நின்று, எங்கள் பட்டினிக்கு யார் பொறுப்பு என்று கேட்க மிகுந்த துணிவு வேண்டும். அரசாங்கத்தின் கைக்கூலி என்ற பட்டமும் அவர்மேல் விழுந்தது. தொழிலாளர் வரலாறு எழுதிய பலர் அவரைப் பாதிப் பக்கத்தில் கடந்துவிட்டார்கள். தலித் வரலாறு எழுதிய சிலருக்குச் சங்கத்தின் பக்கம் நின்ற திரு.வி.க.வை மனம்விட்டுப் பார்க்க முடியவில்லை.

பழைய மரபில் ஆநிரை கவரப் போனவன் வெட்சி சூடினான், மீட்கப் போனவன் கரந்தை சூடினான். இரு பக்கமும் கல் நட்டார்கள். ஓர் ஊரின் வீரன் அடுத்த ஊரின் கள்ளன். எனவே வீரர் என்று ஒருவரைச் சொல்லும்போதே, எந்த ஊரின் வீரர் என்ற கேள்வியும் கூடவே வரும். வந்தே ஆக வேண்டும். என் மட்டில், திரு.வி.க.வையும் எம்.சி. ராஜாவையும் ஒரே அலமாரியில்தான் வைப்பேன். அந்த ஐந்து மாதங்களில் இருவருமே பறிபோன ஒன்றைத் துரத்திக்கொண்டுதான் ஓடினார்கள். ஒருவருக்கு அது கூலியும் மரியாதையும், மற்றவருக்கு அதற்கும் முந்திய மனித உரிமை. அவர்களை எதிரெதிரே நிறுத்திவைத்ததில் ஆதாயம் பெற்றது பின்னி கம்பெனிதான். பெரம்பூரில் ஒருவருக்கு மட்டும் கல் நட்டுவிட்டு மற்றவரை மறைத்தால், 1921இல் செய்த தவற்றையே நாமும் செய்கிறோம் என்றாகும்.

இதற்காக எல்லாரும் சமம், எல்லாரும் வீரர் என்று கைகழுவிவிட முடியாது. மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலுக்கு ஒரு சிலை நின்றது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கிலிட்டவன். கைதிகளைத் தரையிலிருந்த இரத்தக் கறையைத் துடைக்க வைத்து அவமானப்படுத்திக் கொன்றவன். வெள்ளைக்காரர்களுக்கு அவன் மாவீரன். 1927இல் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போய் அந்தச் சிலையை அடித்துச் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவனும் துணிச்சல்காரன்தான், லக்னோவில் சண்டையில்தான் செத்தான். ஆனால் அவன் துணிச்சல் யாருக்குரியதையும் மீட்கவில்லை. துணிச்சல் மட்டுமே வீரமாகிவிடாது என்பதைப் பார்க்க எழும்பூர் வரைக்கும் போனால் போதும்.

துறைமுகத்துக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரத்தில் பாதி மூட்டை கட்டியது. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. மேடையிலும் சொல்கிறார்கள், சிறுவர் புத்தகங்களிலும் இருக்கிறது. அதற்குச் சான்று கிடையாது. அந்த மாதத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்து, பிறகு அங்கிருந்து பெர்லின் போய் வேலை செய்தார்.

இந்தக் கதையை மறுத்தால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்குக் கோபம் வருவது கதையின்மேல்தான். திருவனந்தபுரத்தில் பிறந்த ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயதில் கடல் கடந்து போய், திரும்பிவரவே முடியாத வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்து, 1934இல் பெர்லினில் இறந்தார். 1966இல் அவருடைய அஸ்தி இந்தியப் போர்க்கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் இழக்க வேண்டியது இதற்குமேல் என்ன இருக்கிறது? இது போதாதென்று அவரை எம்டனில் ஏற்றிவிட்டால், அவர் உண்மையில் இழந்ததை நாம் மதிக்கவில்லை என்றுதான் பொருள். பீரங்கிச் சத்தம் இருந்தால்தான் வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

வ.உ.சி.க்கும் இதேதான் நேர்ந்தது. கப்பல் என்றால் அவர், அவர் என்றால் கப்பல். ஆனால் கப்பல் கம்பெனி தோற்றுப்போன முயற்சி. அவர் சிறையில் இருக்கும்போதே அது கலைந்துவிட்டது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காக அவர் நின்ற வேலைநிறுத்தம்தான் வென்றது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. சில நாள்களிலேயே கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வழக்கறிஞர் பட்டயமும் போயிருந்தது. சென்னைக்கு வந்து, பெரம்பூர்ப் பக்கமும் குடியிருந்து, வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் ஒப்படைத்த 347 ரூபாய் 12 அணாவுக்காகக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். அப்படி இருந்தவர்தான் சென்னையிலும் தொழிலாளர் இயக்கத்தோடு உறவு வைத்துக்கொண்டார். கப்பல் வாங்கிய நாளைவிடக் காசில்லாமல் கடிதம் எழுதிய நாள்களில்தான் அந்த மனிதரை நான் அதிகம் மதிக்கிறேன்.

வடசென்னைக்கு ஒரே ஒருவரைச் சொல்லு என்றால் சிங்காரவேலரைச் சொல்வேன். 1860 பிப்ரவரி 18இல் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரானார். கையில் பணமும் கடற்கரையில் வீடும் வீடு நிறையப் புத்தகங்களும் இருந்தன. அறுபது வயதில் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வழக்கறிஞர் தொழிலை உதறினார். 1922 டிசம்பரில் கயா காங்கிரசில், தொழிலாளரையும் உழவரையும் விட்டுவிட்டு எந்த விடுதலையைப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். 1923 மே 1, அவருக்கு வயது 63. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று என்று இரண்டு கூட்டங்கள் கூட்டி இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கொடி செய்தார் என்று சொல்வார்கள். நடந்திருந்தால் நல்லது, நடக்காவிட்டாலும் அவர் ஒரு பிடி குறையமாட்டார்.

1924இல் கான்பூர்ச் சதி வழக்கில் பெயர் சேர்த்தார்கள். உடல்நிலையால் அந்த வழக்கிலிருந்து விடுபட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கான்பூருக்குப் போய் முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். எந்த ஊரில் தன்மேல் வழக்குப் போட்டார்களோ அந்த ஊருக்கே! 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். அதில் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை. வயது 68. பத்தாண்டு என்றால் சிறையிலேயே சாவு என்று யாருக்கும் தெரியும். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930இல் வெளியே வந்தவர் 'குடி அரசு' இதழில் அறிவியலும் பொருளாதாரமும் எழுதத் தொடங்கினார். நடுவில் மாநகராட்சி உறுப்பினராக இருந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடச் சொல்லி வாதாடியிருக்கிறார். 1946 பிப்ரவரி 11இல் காலமானார்.

இத்தனையும் எழுதிய பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய வயதுதான். இளமையில் ஒரு வேகத்தில் செய்தார் என்று தள்ளிவிட முடியாது. எது போகும், எவ்வளவு போகும் என்று சட்டம் படித்தவருக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தே கொடுத்தார். ஒரு தடவை கொடுத்ததோடு நிற்காமல், வெளியே வந்து மறுபடியும் கொடுத்தார். ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். 2018இல் எங்கள் பகுதி சென்னை மாவட்டத்தில் சேர்ந்த பிறகு, பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மாத்தூர்க்காரர்களும் மனுவோடு அந்த வாசலில்தான் நிற்கிறார்கள். இந்தப் பெயருக்குரியவர் யார் என்று அங்கே இரண்டு வரி எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும் என்பது என் ஆசை.

அவருக்குப் பின்னும் ஆட்கள் வந்தார்கள். இலங்கையில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை 1947இல் அதே பெரம்பூர் ஆலைகளில் நூறு நாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார். துறைமுகத் தொழிலாளர்களுக்காகவும் நின்றார். 1957இல் வடசென்னை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறந்த மண்ணைப் பார்த்து வீரரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்கு இருந்ததில்லை. பார்சிக்காரரையும் யாழ்ப்பாணத்துக்காரரையும் தம்மவர் என்றே ஏற்றுக்கொண்டது.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரை எங்கள் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணலியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம், எர்ணாவூர்க் குப்பம் எங்கும் கறுப்பு. வலையில் எண்ணெய், அலையாத்திச் செடியின் வேரில் எண்ணெய், கட்டிவைத்த ஃபைபர் படகின் பக்கங்களில் விரல்கனத்துக்கு எண்ணெய். அதை அள்ள முதலில் ஆற்றில் இறங்கியவர்கள் அந்தக் குப்பங்களின் மீனவர்கள். கையில் வீட்டு பக்கெட்டும் பிளாஸ்டிக் மக்கும். மக்கில் மொண்டு பக்கெட்டில் ஊற்றி, பக்கெட்டைப் பேரலில் கவிழ்த்தார்கள். கழுத்துவரை கறுத்த உடம்போடு, கண்ணெரிச்சலும் தலைசுற்றலுமாக நின்றார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்டுத்தான். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்ற நகரத்துக்காரர்களைப் படகில் ஏற்றியவர்களில் இந்தக் கடற்கரையின் மீனவர்கள் இருந்தார்கள். தங்கள் ஆற்றுக்கு ஆபத்து வந்தபோது நகரம் அவர்களுக்காக அதே வேகத்தில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கூலிக்குத்தானே அள்ளினார்கள் என்று சொன்னவர்களையும் கேட்டிருக்கிறேன். முதல் நாள்களில் யாரும் கூலி பேசவில்லை. இறாலும் நண்டும் போன ஆற்றில் தங்களுக்கு மட்டும் அல்ல, மீன் வாங்கித் தின்னும் நமக்கும் சேர்த்துத்தான் இறங்கினார்கள். கூலி வாங்கியிருந்தாலும் என்ன? பாபுராவும் முருகனும் கூலிக்கு வேலை செய்தவர்கள்தான். கூலி வாங்குபவன் வீரனாக முடியாது என்பது மெய்க்கீர்த்தி எழுதியவர்களின் நினைப்பு.

பின்னி ஆலை 1990களில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. குடிவருபவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் மாநகராட்சி ஒரு கல் நடலாம். 1918 ஏப்ரல் 27, 1920 டிசம்பர் என்று தேதி போட்டு, செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு, பாபுராவ், முருகன் பெயர்களை எழுதி, 1921இல் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளையும் மறைக்காமல் சேர்க்கலாம். பெரிய செலவில்லை. ஒரு வார்டு உறுப்பினரின் நிதியில் ஆகிற காரியம்.

எண்ணூருக்கு இன்னும் அவசரமான வேலை இருக்கிறது. அன்று ஆற்றில் இறங்கியவர்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். எந்தக் குப்பம், எத்தனை படகு, எத்தனை நாள், அதன்பின் யாருக்கு என்ன நோய் வந்தது, எத்தனை மாதம் வலை இறக்காமல் கிடந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். நம் பள்ளிகளில் வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பலாம். அடுத்த ஆகஸ்ட் 15க்கு வேஷம் கட்டும்போது, யாராவது ஒரு பெண் பிள்ளை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினால், தலைமையாசிரியர் தடுக்காமல் இருக்க வேண்டும்.